வெள்ளிமலையில் அக்கா எழுதிய ஒரு வரி

அம்மா கொடுத்த வேலை சின்னதுதான். கல்வராயன் மலைக்குப் போய், அக்கா அங்கே கொடுத்துவிட்டு வந்த இரண்டு தொடுதிரை டேப்பையும் திரும்ப வாங்கி வர வேண்டும். "அவ பொருளு அவ வூட்ல இருக்கட்டும்டா" என்றாள். அக்கா இறந்து எட்டு மாதம் ஆகிறது. டெங்குக் காய்ச்சல். ஆறே நாள். இந்த எட்டு மாதமும் நான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மில்லில் லீவு இல்லை என்பேன், மலையில் மழை என்பேன். கடைசியில் சரளா டீச்சரே போன் செய்தார். "டேப்பு ரெண்டும் தொறந்ததும் நின்னுபோவுது தம்பி. வந்து இன்னான்னு பாரு. இல்லன்னா எடுத்துக்கினாவது போ."

சரளா டீச்சர் மலைக்காரர். வெள்ளிமலையைத் தாண்டி ஆறு கிலோமீட்டர் உள்ளே, கொட்டாம்பாறை என்ற ஊரில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குச் சாயங்காலம் வகுப்பு எடுக்கிறார். என் அக்கா ஸ்டெல்லா கம்ப்யூட்டர் படித்தவள். அந்த வகுப்புக்காக எழுத்துச் சொல்லித்தரும் புரோகிராம் ஒன்றைத் தானே எழுதி, இரண்டு பழைய டேப்பில் போட்டுக் கொடுத்தாள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். அரிசி மில்லில் மூட்டை தைக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன், டேப்புக்காக நான் போகவில்லை. அக்கா உருப்படியாக ஒன்றைச் செய்துவிட்டுப் போனாள் என்று வெளியாள் ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டும் என்றிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லி, அதில் ஒன்றும் மிச்சமில்லை.

கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறும் பஸ். கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போனது. கண்டக்டர் கையில் புது டிக்கெட் மிஷின். வெள்ளிமலை என்றேன். விரலால் தேய்த்தார், மறுபடி தேய்த்தார். திரையில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

"இருப்பா. சுத்திக்கினு கீது."

முன் சீட்டில் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா திரும்பினார். "இன்னா கண்டக்டரே, மலை ஏறி எறங்கறதுக்குள்ள டிக்கெட்டு வந்துருமா?"

"ஒனக்கு இன்னாம்மா. பொம்பளைங்களுக்கு ஒரே அமுக்கு, ஓசி டிக்கெட்டு டக்குனு வந்துரும். ஆம்பளைக்கு ஆறு அமுக்கு."

"அப்ப இந்தப் பையனையும் பொம்பளைன்னு அமுக்கி உடேன். பாவம், பாத்தா அப்டித்தான் கீறான்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த உடனே, இதை வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எட்டு மாதமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. சிரிப்பு வந்தால் முதலில் அவள் ஞாபகம் வருகிறது, அப்புறம்தான் மற்றது ஞாபகம் வருகிறது.

அக்காவுக்கு பட்டன் பைத்தியம். எந்த மிஷினைப் பார்த்தாலும் மார்க் போடுவாள். எங்கள் மில்லின் எடை மிஷினில், எடையை மறுபடி பூஜ்யமாக்கும் பட்டனும் மிஷினை அணைக்கும் பட்டனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நான் தினம் ஒரு தடவை மாற்றி அமுக்கித் திட்டு வாங்குவேன். "ஒம்மேல தப்பு இல்லடா. செஞ்சவன் மூட்டை தூக்கனதில்ல" என்பாள். அந்த வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நாலாவது வளைவில் பஸ் சூடாகி நின்றுவிட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். டிரைவர் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடையைத் தேடிப் போனார். கீழே கோமுகி அணையின் தண்ணீர் ஒரு துண்டு தெரிந்தது. குரங்குகள் வந்து எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, தேறாது என்று போய்விட்டன. ஒரு மணி நேரம் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா எனக்கும் புரோகிராம் எழுதக் கற்றுத் தந்தாள். பைத்தான் என்று ஒரு மொழி. எனக்கு இங்கிலீஷ் வராது, அதெல்லாம் ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். "மொத்தமே முப்பது சொச்சம் வார்த்தைதான்டா. ஒரு கொழந்தை ரெண்டு வயசுல பேசறது இத்தவிட ஜாஸ்தி" என்றாள். இஃப் என்றால் 'இப்படி இருந்தால்'. எல்ஸ் என்றால் 'இல்லாவிட்டால்'. வைல் என்றால் 'அதுவரைக்கும்'. தமிழ் வார்த்தை வைத்தே எழுதும் மொழி ஒன்றையும் ஒரு நாள் காட்டினாள். அதில் 'எனில்' என்றும் 'அன்றேல்' என்றும் இருந்தது. எங்கள் தெருவில் யாரும் எனில் என்று பேசிக் கேட்டதில்லை. அதற்கு இஃப் எவ்வளவோ மேல். அதையாவது தெரியாத வார்த்தை என்று ஒப்புக்கொண்டு கற்றுக்கொள்ளலாம். சொந்த மொழியிலேயே தெரியாத வார்த்தை வந்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் சொல்லித்தரும் விதமும் தனி. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத் துணி துவைக்கப் போய்விடுவாள். அரை மணி நேரம் கழித்து ஈரக்கையோடு வந்து "இன்னாடா?" என்பாள். அந்த அரை மணி நேரத்தில் எனக்கு விடை வந்திருக்கும். ஒன்பதாவதில் கணக்கு வாத்தியார் என்னை எழுப்பிக் கேள்வி கேட்பார். நான் யோசித்துக்கொண்டிருப்பேன். அவர் எனக்கு அடுத்தவனைப் பார்த்துவிடுவார். நான் நின்றுகொண்டே இருப்பேன். அப்படி நின்று நின்றுதான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

பஸ் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. ரேஷன் அரிசி ஏற்றிக்கொண்டு வந்த டெம்போ ஒன்றில் மூட்டைமேல் ஏறிக்கொண்டேன். மூட்டையின் தையலைப் பார்த்தேன். எங்கள் மில் தையல் இல்லை. அவசரமாகத் தைத்திருந்தான் எவனோ.

கொட்டாம்பாறை போய்ச் சேர மூன்று மணி. சரளா டீச்சர் வீட்டில் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். நாள் முழுக்க அரிசியின் நடுவில் நிற்கிறவனுக்கு அரிசி இல்லாத சோறு வினோதமாக இருந்தது. வாயில் கொஞ்சம் சொரசொரவென்று இருந்தாலும், குழம்பு அதற்குள் இறங்கி நன்றாக இருந்தது. அக்கா இதே இடத்தில் உட்கார்ந்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள் என்றார் டீச்சர்.

சாயங்காலம் வகுப்புக்குப் போனேன். ஓடு வேய்ந்த ஒரே ஒரு அறை. சுவரில் அக்கா போட்டோ, காய்ந்த சாமந்தி மாலையோடு. காலேஜ் அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோ. அதில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பதினோரு பெண்கள் வந்திருந்தார்கள்.

"ஸ்டெல்லா தம்பியா? மூக்கு அவளுதுதான்."

"மூக்கு மட்டும்தான். அவ வாயி எங்க, இவன் வாயி எங்க. பேசவே மாட்றான் பாரு."

ஒரு அம்மா பலகையில் தன் பெயரை எழுதிக் காட்டினார். இன்னொருவர், பஸ் போர்டில் 'கச்சிராயபாளையம்' என்பதை முழுசாகப் படிப்பதற்குள் பஸ் போய்விட்டதாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஒங்க அக்கா எங்களுக்குக் கண்ணு தொறந்தா" என்றார் ஒருவர். நான் எதற்காக வந்தேனோ அது முதல் நாளே கிடைத்துவிட்டது. அன்றே கிளம்பியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

இரண்டாவது நாள் காலையிலிருந்து மழை. டீச்சர் வீட்டில் உட்கார்ந்து டேப்பைத் திறந்தேன். கோளாறு ஒன்றும் பெரிதில்லை. யாரோ அதில் சினிமாப் படங்களை ஏற்றி வைத்திருந்தார்கள். இடம் நிரம்பியதால் புரோகிராம் திறக்க முடியாமல் திணறியது. படங்களை அழித்தேன். அழித்ததும் அக்காவின் புரோகிராம் எழுந்துகொண்டது.

"'ம' எது? தொடுங்க" என்றாள் அக்கா.

குரல் அவளுடையது என்று யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. வீட்டில் அவள் பேசுகிற வீடியோ இரண்டு இருக்கிறது. நான் இதுவரை திறந்ததில்லை. திரையில் நாலு எழுத்து பெரிதாக இருந்தது. நான் கையைத் தூக்கவே இல்லை. கொஞ்ச நேரம் போனதும் திரை முழுக்க சிவப்பானது.

"தப்பு" என்றாள்.

எட்டு மாதம் கழித்து என்னிடம் அவள் சொன்ன வார்த்தை அதுதான். டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மழை சிமெண்ட் தரையில் தெறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மறுபடி எடுத்தேன். இன்னும் இடம் பிடித்துக்கொண்டு என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு கோப்பில், யார் என்றைக்கு என்ன பதில் சொன்னார்கள் என்பதை வரிசையாகப் புரோகிராம் எழுதி வைத்திருந்தது. பெயர், கேட்ட எழுத்து, தொட்ட எழுத்து, சரியா தப்பா. இதையும் அழிக்கலாம் என்று போனேன். அக்கா செய்தது என்பதால் ஒரு தடவை படித்துவிட்டு அழிக்கலாம் என்று நினைத்தேன்.

எல்லோரும் ஆரம்பத்தில் தப்புத் தப்பாகத் தொட்டு, போகப் போகத் தேறியிருந்தார்கள். சின்னப்பொண்ணு என்று ஒரு பெயர் மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தப்பு. நாற்பது நாள். அதற்கு அப்புறம் அந்தப் பெயரே இல்லை.

அதைப் பார்த்ததும் அக்கா ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னது ஞாபகம் வந்தது. "எல்லாருக்கும் வருதுடா. ஒரே ஒரு அம்மாவுக்கு மட்டும் ஏறவே மாட்டேங்குது. பாவமா இருக்குது."

ஆனால் அக்கா பார்த்தது 'சரியா தப்பா' என்ற கடைசிக் கட்டத்தை மட்டும் போலிருக்கிறது. நான் அதற்கு முந்தின கட்டத்தையும் பார்த்தேன். 'தொட்ட எழுத்து' என்ற இடத்தில் மற்றவர்களுக்கு ஏதாவது ஒரு எழுத்து இருந்தது. சின்னப்பொண்ணுவுக்கு அந்த இடம் காலியாக இருந்தது. எல்லா வரியிலும்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் வலது கை ஆள்காட்டி விரலை என் போன் மதிக்காது. சாக்குத் தைத்துத் தைத்து விரல் நுனி செருப்புத் தோல் மாதிரி காய்த்துவிட்டது. நான் இடது கையின் நடுவிரலால்தான் போனைத் தொடுவேன். அது என் பழக்கம், யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடமும் சொன்னதில்லை. அவள் விரல் மெத்தென்று இருக்கும். அவள் தொட்டு மிஷின் கேட்காமல் இருந்ததே இல்லை.

புரோகிராமைத் திறந்து அந்த வரியைத் தேடினேன். முப்பது வார்த்தையில் எனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு வார்த்தைதான் அங்கே இருந்தது. தொட்டது சரியான எழுத்தாக இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. பத்து விநாடிக்குள் ஒன்றும் வராவிட்டால் அதுவும் அந்த 'இல்லாவிட்டால்' பக்கம் போய் விழுந்தது. தொடாதவர், தொட்டும் மிஷினுக்குத் தெரியாதவர், இன்னும் யோசிக்கிறவர், எல்லோருக்கும் ஒரே தப்பு. எங்கள் கணக்கு வாத்தியாரும் இதே வரியைத்தான் வைத்திருந்தார்.

அரை மணி நேரம் துணி துவைக்கப் போகிறவள் எப்படி இந்தப் பத்து விநாடியை வைத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. டீச்சரிடம் காட்டினேன். அவர் டேப்பை வாங்கிப் பார்த்தார்.

"அது நான் கேட்டதுப்பா. ரெண்டு டேப்பு, பன்னண்டு பேரு. ஒருத்தி புடிச்சிக்கினா உடவே மாட்டா. சண்டை வந்துச்சி. எதுனா நேரம் வெய்யின்னு நான்தான் சொன்னேன்."

"அந்த அம்மா எங்க இப்ப?"

"எங்க போவா. ஊர்லதான் கீறா. வகுப்புக்கு வர்றதில்ல. தப்பு தப்புன்னு வந்ததா, இவளுங்க அதையே பேரா வெச்சிட்டாளுங்க. 'தப்பு வர்றா பாரு'ன்னுவாளுங்க. அவளும் சிரிப்பா. ஒரு நாளு வர்ல. அதோட நின்னுட்டா." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "இத்தப் போயி கெளறாத தம்பி. ஒங்க அக்காவ சாமி மாரி நெனச்சிக்கினு கீறாங்க. அவளே போயிட்டா. அத்த அழிச்சிட்டு டேப்ப எடுத்துக்கினு போ."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோப்பை ஒரு தடவை தொட்டால் போய்விடும். வேறு யாருக்கும் தெரியாது. அழிக்கவா என்று கேட்கும் கட்டம் வரைக்கும் போனேன். 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பட்டன். இடது கையின் நடுவிரல் அதற்கு மேலே நின்றுகொண்டிருந்தது. கடைசியில் எதையும் அமுக்காமல் மூடி வைத்தேன். நான் நல்லவன் என்று சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வகுப்புப் பெண்களிடம் டேப் இன்னும் சரியாகவில்லை என்று பொய் சொன்னேன். போட்டோவைப் பார்க்காமல் சொன்னேன்.

மூன்றாவது நாள் வெயில் வந்தது. டேப்பைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனேன். நாற்பது வயது இருக்கும். வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். ஊரில் இந்த வயதுக்காரரைப் பார்த்தால் யக்கா என்று கூப்பிட்டிருப்பேன். இந்த எட்டு மாதமாக அந்த வார்த்தை எனக்கு வாயில் வருவதில்லை. ஏங்க என்றேன்.

"நான் ஸ்டெல்லா தம்பிங்க."

"தெரியும். மூக்கு." கல்லைக் காட்டினார். "குந்து. டீச்சரு அனுப்பிச்சாளா? நான் வர்ல சாமி. எனக்கு மூளை கம்மி."

"இல்லீங்க. இத்த ஒரே ஒரு தபா தொட்டுப் பாருங்க."

"வோணாம். அது என்னக் கண்டாலே தப்புன்னும்."

நான் டேப்பை அவர் முன்னால் நீட்டினேன். "'க' எது? தொடுங்க" என்றாள் அக்கா. சின்னப்பொண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கண் மட்டும் திரைக்கு வந்து வந்து போனது. கையெல்லாம் மண். கையில் உரித்த கிழங்கு ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. "அதா கீது பாரு" என்று அந்தக் கிழங்காலேயே காட்டினார். அதன் நுனி திரையில் பட்டது.

திரை பச்சையானது. "சரி" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் கிழங்கைப் பார்த்தோம். உரித்த கிழங்கின் ஈரம் போதும் அந்தத் திரைக்கு. காய்ந்த விரலைவிட அது மேல். எனக்கே அப்போதுதான் தெரியும். சின்னப்பொண்ணு மறுபடி கிழங்கால் தொட்டார். அடுத்த எழுத்தும் சரி. பிறகு கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, விரலைச் சேலையில் துடைத்துத் தொட்டார். திரை அசையவில்லை. அழுத்தினார். அசையவில்லை. சிவப்பு வந்தது.

"கெழங்கு சொன்னா ஒத்துக்குது. நான் சொன்னா ஒத்துக்காதா?"

நான் சொன்னேன். அவர் விரலை மிஷினுக்குத் தெரியவில்லை, தெரியாததை எல்லாம் தப்பு என்று எடுத்துக்கொள்ளும்படி என் அக்கா எழுதிவிட்டாள் என்று, எவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிமையாகச் சொன்னேன். என் விரலையும் காட்டினேன்.

"அப்ப நாப்பது நாளும் நான் தொட்டதெல்லாம் சரிதானா?"

"அது தெர்லீங்க. நீங்க எத்தத் தொட்டீங்கன்னே அது பாக்கல."

அவர் இன்னொரு கிழங்கை எடுத்து உரித்தார். பிறகு மகளைப் பற்றிச் சொன்னார். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனுக்கு மெசேஜ் எழுதி அனுப்புவாள். அந்தப் பெண் படித்துச் சொல்லும். ஒரு தடவை மகள், அங்கே தனக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது, அப்பாவிடம் சொல்லாதே என்று எழுதிவிட்டாள். அதைப் படித்த பெண் மூலமாகச் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வீட்டில் அடிதடி. அதற்கு அப்புறம்தான் சின்னப்பொண்ணு வகுப்புக்குப் போனார். தன் பிள்ளை எழுதுவதைத் தான் மட்டும் படிக்க வேண்டும்.

"எனக்குப் படிப்பு வர்லன்னு சொன்னதும் பொண்ணு எழுதறத்த உட்டுட்டா. இப்ப வாயிலயே பேசி அனுப்புது. அந்த வூட்ல எல்லாரும் கேப்பாங்க இல்ல? 'சாப்டியா'ன்னு கேக்குது. 'சாப்டேன்'னுது. வேற ஒண்ணியும் சொல்றதில்ல. எட்டு, ஒம்போது மாசமா எம்பொண்ணு மனசுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாது."

நான் மன்னிச்சுக்கங்க என்றேன்.

"ஒங்கிட்ட தனியா வாங்கிக்கினு நான் இன்னா பண்றது? சிரிச்சவளுங்க அங்க கீறாளுங்க. அங்க வந்து சொல்லு."

"அங்க அக்கா போட்டோ மாட்டிக்கிறாங்க."

"போட்டோ எதிர்லயே சொல்லு."

மத்தியானம் புரோகிராமைத் திருத்த உட்கார்ந்தேன். அக்கா எழுதியதில் நான் கை வைத்ததே இல்லை. வைத்தால் அதற்கு அப்புறம் அது முழுக்க அவளுடையதாக இருக்காது. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் வரி எதையும் அழிக்காமல், பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் என் வரி ஒன்றைச் சேர்த்தேன். ஒன்றும் தொடவில்லை என்றால், காத்திரு. அந்த இடத்துக்குப் போட அக்காவின் குரல் எதுவும் இல்லை. அதனால் சத்தம் வைக்கவில்லை. திரை வெள்ளையாக அப்படியே இருக்கும்.

போன் சிக்னல் கிடைக்கும் பாறைக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். டேப்பை எடுத்து வரவில்லை என்றேன். "ஏன்டா?" என்றாள். இங்கே ஒரு அம்மாவுக்கு இன்னும் பாடம் முடியவில்லை என்றேன். மீதியை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். கடைசியாகச் சின்னப்பொண்ணு வந்து கதவுப் பக்கம் நின்றார். யாரோ "தப்பு வந்துட்டா டோய்" என்றார்கள். நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இத்தனை பேர் எதிரில் நான் நின்றதில்லை.

"எங்க அக்கா தப்பா எழுதிட்டா" என்றேன். "இவங்க விரலு அந்த மிஷினுக்குத் தெர்ல. தெர்லன்னு சொல்றதுக்குப் பதிலா தப்புன்னு சொல்ற மாரி வெச்சிட்டா. இவங்க தொட்டத அது பாக்கவே இல்ல. நீங்க சிரிச்சீங்க. எங்க அக்காதான் உங்களை சிரிக்க வெச்சா."

ஒரு அம்மா, செத்தவளைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று முனகினார். பேர் எழுதிக் காட்டினவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, அப்ப எனக்கு வந்த தப்பெல்லாம்?"

"அது உங்க தப்புதாங்க."

சிரித்துவிட்டார்கள். சின்னப்பொண்ணு மட்டும் சிரிக்கவில்லை. சரளா டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் வைக்கச் சொன்னது யார் என்பதை நான் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. அவர் சொல்லவில்லை.

சின்னப்பொண்ணு வந்து நடுவில் உட்கார்ந்தார். சேலை முந்தி முடிச்சை அவிழ்த்து, உரித்த கிழங்குத் துண்டை எடுத்தார். இரண்டு எழுத்து உடனே தொட்டார். மூன்றாவதாக அக்கா "'ழ' எது? தொடுங்க" என்றாள். அவர் கை நின்றுவிட்டது.

திரை வெள்ளையாகவே இருந்தது. பத்து விநாடிக்கு மேல் போய்விட்டது. பழக்கத்தில் டீச்சர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். வெளியே எங்கேயோ ஆடு ஒன்று கத்திக்கொண்டிருந்தது. சின்னப்பொண்ணு நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், மறுபடி முதலிலிருந்து பார்த்தார், உதடு அசைந்தது. கிழங்கு மூன்றாவது எழுத்துக்கு மேலே போய் நின்று, அப்புறம் இறங்கியது.

"சரி" என்றாள் அக்கா.

"இத்த அப்பவே சொல்றதுக்கு இன்னாடி ஒனக்கு?" என்று சின்னப்பொண்ணு திரையைப் பார்த்துக் கத்தினார். "நாப்பது நாளு! வாய்ல இன்னா வெச்சிருந்த?"

யாரும் சிரிக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. எட்டு மாதமாக எல்லோரும் அக்காவைப் பற்றி நல்லதாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் இறந்த பிறகு அவளை யாரும் திட்டி நான் கேட்டதில்லை. அடுத்த எழுத்தை அக்கா கேட்டாள். சின்னப்பொண்ணு இன்னும் திட்டி முடிக்கவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தாள்.